ஏழு பிணங்களும் ஒரு காலி இடமும்

கதையில் வருகிறவர்கள் நிஜ ஆட்களாக இருக்க வேண்டும், அவர்களே சம்மதித்துக் கையெழுத்தும் போட வேண்டும் என்று சட்டம் வந்தபின், தொடர்கொலைக் கதை எழுதும் சுகந்தி படியேறியே இளைத்துவிட்டாள். சாவதற்கு ஆள் பஞ்சமில்லை. விருதுநகரில் அவள் குடியிருந்த அடுக்ககத்திலேயே ஏழு பேர் முண்டியடித்துக் கையெழுத்துப் போட்டார்கள்.

"என்னை எடுத்ததும் கொன்னுறாதம்மா. பாதிக் கதை வரைக்கும் இழு," என்றார் மிளகாய் மண்டி ராஜகனி.

"நாலாவது அத்தியாயம்ணே. விஷம்."

"விஷமா? கத்தின்னா எடுப்பா இருக்குமே!"

கொல்லத்தான் ஆளில்லை. பெண்ணுக்கு வரன் பார்க்கிற நேரம் என்று ஆளாளுக்கு நழுவினார்கள். மாலைக்குள் கொலைகாரன் அமையாவிட்டால் பத்திரிகைத் தொடர் வேறொருவர் கைக்குப் போய்விடும்.

நாலு மணிக்கு மூன்றாம் மாடி தங்கபுஷ்பம் வந்தாள். அதிர்ந்து பேசாத அறுபது வயதுக்காரி.

"நான் கொல்றேன். ஆனா ஏழு பத்தாது, ஒன்பதாக்கு."

"எட்டு வச்சுக்குவோம்க்கா."

"சரி. கடைசி வரைக்கும் போலீஸ்ல சிக்க மாட்டேன்."

சுகந்தி துள்ளிக் குதிக்காத குறைதான். தங்கபுஷ்பம் கையெழுத்துப் போட்டாள். "எட்டாவது ஆளு எங்க வீட்டுலயே இருக்காரு, வா."

டிவி முன்னால் கால் நீட்டியிருந்த கணவர் ஜெயபாண்டியன் சம்மதத் தாளை இரண்டு தரம் படித்தார். முப்பத்தெட்டு வருஷத்தில் முதல் தடவையாக அடுப்படிக்குள் நுழைந்தார்.

"நீ உக்காரு புஷ்பம். தோசை நான் சுடுறேன்."

அவரிடம் கையெழுத்து வாங்க சுகந்தி பேனாவோடு எழுந்தாள்.

"பொறு," என்று கால்மேல் கால் போட்டாள் தங்கபுஷ்பம். "தோசை எப்படி வருதுன்னு பாப்போம்."