உள்வாங்கிய கன்னம்

கஸ்பாருக்கு வலியே இல்லை. கன்ன எலும்புக்குள் இருக்கும் காற்றறை சத்தமில்லாமல் சுருங்கி, இடது கண்ணும் கன்னமும் உள்ளே இறங்கிவிட்டன.

"லட்சத்துல ஒருத்தருக்குத்தான் இது வரும். ஆபரேஷன் பண்ணிரலாம்" என்றார் டாக்டர். ஆனால் ஆபரேஷனுக்குச் சம்மதம் என்று முகத்தைக் காட்டினால், இது கஸ்பார் முகமே இல்லை என்றது ஆஸ்பத்திரியில் ஆளை அடையாளம் பார்க்கும் எந்திரம். பதிவில் முகத்தை மாற்ற வேண்டுமானால் பழைய முகத்தோடு வர வேண்டுமாம்!

அன்று சாயங்காலம், முகம் பார்த்துத் திறக்கும் சொந்த வீட்டுக் கதவே அவரை மறுத்தது. ஆத்திரத்தில் எட்டி உதைத்தார்.

"உதைக்காதீங்க! யாரோ திருடன்னு நினைச்சு என்னையும் உள்ள வச்சுப் பூட்டிருச்சு!" என்று உள்ளேயிருந்து மனைவி ஃபிலோமினா கத்தினாள்.

அவர் மறுபடி உதைத்தார். நிலைக்கு மேலிருந்து, திருடரை அடிக்க வைத்திருந்த எந்திரக் காவல் கை இறங்கியது. இரும்பு முஷ்டி இடது கன்னத்திலேயே விழுந்தது, விழுந்துகொண்டே இருந்தது. பல் தெறித்தது. சட்டையெல்லாம் ரத்தம். "ஐயோ, அது என் புருஷன்!" என்ற அலறலை அது காதில் வாங்கவில்லை.

கன்னம் வீங்கி வலது கன்னத்துக்குச் சமமானதும் முஷ்டி அந்தரத்தில் நின்றது.

"வணக்கம் கஸ்பார், உள்ளே வாருங்கள்" என்று கதவு திறந்தது.

ஒரு வாரம் கழித்து, ஆபரேஷன் தேதிக்குக் காத்திருந்த கஸ்பார் வேலைக்குக் கிளம்பும்போது அடுப்படியில் வந்து முகத்தைக் காட்டினார்.

"நேத்து மெதுவா அடிச்சிட்ட. மத்தியானமே வீக்கம் வடிஞ்சு, துறைமுக கேட்டுல மடக்கிட்டாங்க."

ஃபிலோமினா கண்ணைத் துடைத்துக்கொண்டு பூரிக்கட்டையை எடுத்தாள்.