பத்திக் சட்டை

வெள்ளிக்கிழமையானால் இந்தோனேசியாவின் செமாராங் நகர அலுவலகங்களில் ஊழியர்கள் எல்லோருக்கும் மெழுகுச் சாய வேலைப்பாடு செய்த பத்திக் சட்டைதான். உதவியாளர் வேலைக்கான நேர்காணலுக்கு வந்திருந்த ஒன்பது பெண்கள் மட்டும், வேலை தேடுகிறவர்களின் வழக்கப்படி வெள்ளைச் சட்டை, கறுப்புப் பாவாடையில் உட்கார்ந்திருந்தார்கள்.

"அம்மா, பிரிண்டர்ல பேப்பர் சிக்கிடுச்சு. அப்படியே அடுத்த ஆளையும் அனுப்புங்க!" என்றார், நேற்றுதான் பொறுப்பேற்ற மேனேஜர் விபோவோ.

பத்திக் சட்டையில் நின்றிருந்த சுலாஸ்த்ரி இரண்டையும் செய்தாள். அடுத்து உள்ளே போகவிருந்த பெண்ணிடம், "பயப்படாதே கண்ணு, சாருக்கு மீசைதான் முரடு" என்றாள்.

மதியத்துக்குள் ஒன்பது பேர் முடிந்தார்கள்.

"ஒருத்தரும் தேறலம்மா. உங்களை மாதிரி ஒருத்தர் கிடைச்சாப் போதும். இன்னும் யாராவது?"

"ஒருத்தி இருக்கா சார்."

"வரச் சொல்லுங்க."

சுலாஸ்த்ரி எதிர் நாற்காலியில் உட்கார்ந்து, தன் விண்ணப்பத்தை நீட்டினாள்.

"பழைய ஆபீஸ்ல இருபத்திரண்டு வருஷ அனுபவம் சார். வெள்ளிக்கிழமைன்னா கை தானா பத்திக்கைத்தான் எடுக்குது."

விபோவோ விண்ணப்பத்தையும் அவள் சட்டையையும் மாறி மாறிப் பார்த்துச் சிரித்துவிட்டார். "எப்பம்மா வேலைக்குச் சேர்றீங்க?"

"காலைலயே சேர்ந்துட்டேனே சார்!"