மணல்திட்டில் நிற்பவள்

'இந்தப் பொம்பிளையை என்ர வாழ்க்கையிலை நான் ஒருநாளும் பார்த்ததில்லை.'

சுவரில் ஆளுயரத்துக்குத் தொங்கிய படத்தின் முன்னால் நின்று பெனிற்றா மனதுக்குள் சொல்லிக்கொண்டாள். கரீபியன் கடலின் நடுவே ஒரு வெள்ளை மணல்திட்டு. அதில் சிவப்பு நீச்சலுடையில் ஒரு பெண், கமெராவுக்கு முதுகைக் காட்டியபடி, ஈரத் தலைமுடியோடு, கைகளை அகல விரித்து நின்றாள்.

யாராவது கூப்பிட்டால் உடனே திரும்பிவிடுகிற முதுகாக அது இல்லை. எப்படி இவளால் இப்படி நிமிர்ந்து நிற்க முடிந்தது?

"பார்த்துக்கொண்டு நிக்கிறாய், வாயைத் திறக்கிறாயில்லை," என்றார் அவள் கணவர் கிறிஸ்துநாயகம்.

அவர்கள் குடியிருக்கும் சட்டன் நகரில், படங்களைக் காட்சிக்கு வைக்கும் ஒரு சின்ன கலரி அது. நாயகத்தின் தங்கை றெஜினா பெப்ரவரியில் கிரெனடீன்ஸ் பக்கம் தீவு தீவாகப் படகில் போய் எடுத்த படங்கள் நாளைக்குக் கண்காட்சிக்கு வருகின்றன. அவளுடைய முதல் கண்காட்சி. அழைப்பிதழில் இந்தப் படத்தைத்தான் போட்டிருந்தாள். அது பங்குக் கோயிலின் வட்ஸ்அப் குழுவுக்குள் போய்விட்டது.

"அது நீதான் எண்டு முழுச் சனமும் கதைக்குது," என்றார் நாயகம் தங்கையைப் பார்த்து. "புருசனை விட்டிட்டு வந்தவள் இப்ப உடுப்பையும் விட்டிட்டாளாம்."

றெஜினா ஏணியில் நின்று விளக்கைத் திருப்பிக்கொண்டிருந்தாள். "அண்ணை, படம் எடுக்கிறவள் எப்பிடிப் படத்துக்குள்ளை நிக்கிறது?"

"கமெராவிலை டைமர் எண்டு ஒண்டு இருக்காம். கோயில் குழுவிலை இருக்கிற மத்தியாஸ் சொல்லுறார்."

"அவ்வளவு தெரிஞ்ச ஆளெண்டா அடுத்த முறை அவரையும் கூட்டிக்கொண்டு போறன். பை தூக்க ஒரு ஆள் வேணும்."

"பகிடி விடாதை. நீ இல்லையெண்டா ஆர் எண்டு சொல்லு."

றெஜினா இறங்கி வந்தாள். "படத்தைப் போடு, பேரைப் போடாதை எண்டு சொன்னவ. நான் காட்டிக்குடுக்கமாட்டன்."

நாயகம் மற்றப் படங்களின் பக்கம் நடந்தார். சாயம் பூசிய மீன்பிடிப் படகுகள். மழை வரும்முன் கறுத்துக் கிடக்கும் கடல். தீவுகளுக்கிடையே ஓடும் கப்பலின் மேல்தட்டில், பயணப் பெட்டிகளுக்கு நடுவே கட்டப்பட்ட ஓர் ஆடு. ஆட்டுக்கு முன்னால் அவர் முகம் தெளிந்தது.

"இது வடிவாக் கிடக்கு. உந்த ஆட்டைப் பெரிசாப் போடன். ஆட்டைப் பார்த்து ஒருத்தரும் ஒண்டும் சொல்லமாட்டினம்."

"ஆடும் உடுப்புப் போடேல்லை, அண்ணை."

பெனிற்றாவுக்குச் சிரிப்பு முட்டியது. குனிந்து விழுங்கிக்கொண்டாள்.

நாயகம் சிரிக்கவில்லை. மனைவியின் தோளைப் பிடித்து முன்னால் கொண்டுவந்து நிறுத்தினார். "இவளைப் பார். நீ அங்கை ஊர்சுத்தின அதே கிழமை இவள் தனிய லூர்துக்குப் போய் மாதாவிட்டை முழங்காலிலை நிண்டவள். அந்தக் குளிர்காத்திலை கழுத்துத் தோலெல்லாம் உரிஞ்சு வந்தவள். எங்கட வீட்டுப் பொம்பிளையள் எண்டா இப்பிடி இருக்கவேணும்."

அந்தக் கையின் கனத்துக்குப் பெனிற்றாவின் தோள் தானாகத் தாழ்ந்தது. படத்தில் நின்றவளின் தோள் தாழவில்லை.

"நான் நியாயம்தானே கதைக்கிறன்," என்று நாயகம் தொடர்ந்தார். "படத்திலை நிக்கிறவளுக்கு ஒரு புருசன் இருந்தா, முதுகைப் பார்த்த உடனேயே தன்ர மனிசி எண்டு பிடிச்சிருப்பான். இவ்வளவு நாளும் ஒருத்தனும் வந்து சத்தம் போடேல்லை. அப்ப அவள் புருசன் இல்லாதவள். எங்கட சனத்துக்குள்ளை அங்கை போன புருசன் இல்லாதவள் ஆர்? சனம் கணக்குப் பார்க்காதே?"

றெஜினா வாயைத் திறந்தாள். பெனிற்றாவை ஒருமுறை பார்த்துவிட்டு மூடிக்கொண்டாள். கண்காட்சிக்காக இரவு பகலாக ஓடியவளின் முகம் முதல் தடவையாகக் களைத்திருந்தது.

"சரி அண்ணை. மச்சாள் கழட்டச் சொன்னாக் கழட்டுறன். வேற ஆர் சொன்னாலும் மாட்டன்."

"கேட்டியே?" நாயகம் மனைவியின் பக்கம் திரும்பினார். வென்றுவிட்ட குரல். "உன்ர வாயாலை ஒரு சொல்லு. இதைக் கழட்டிப்போட்டு ஆட்டைப் போடச் சொல்லு."

ஒரு சொல்தான். சொன்னால் வீட்டுக்குப் போய்த் தேநீர் போடலாம். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் வழக்கமான வாங்கில் போய் இருக்கலாம். றெஜினாவின் மேல் ஒட்டிய பேச்சு அவள் மேலேயே காய்ந்து கிடக்கும்.

வெளியே ஒரு பஸ் போனது. படத்தின் கண்ணாடி மெல்ல அதிர்ந்தது. மணல்திட்டில் நின்றவள் அப்போதும் திரும்பிப் பார்க்கவில்லை.

பெனிற்றா தன் தோளிலிருந்த கையை எடுத்து, முரட்டுத்தனம் எதுவுமில்லாமல், அவரிடமே விட்டாள்.

"சொல்லமாட்டன்," என்றாள்.

"ஏன்?"

"அது என்ர முதுகு."