ஷாமினியோட நோட்ஸ்

“என் மகளோட நோட்ஸ் எங்க?”

மலேசியாவின் கிள்ளான் நகரில் ரெங்கசாமியின் போட்டோஸ்டெட் கடைக்குள் நுழைந்ததும் சுதர்சினி கேட்ட முதல் கேள்வி அதுதான். காரை அடுத்தவர் காருக்குக் குறுக்கே நிறுத்திவிட்டு வந்திருந்தார். நியாயம் தன் பக்கம் இருக்கும்போது பார்க்கிங்கை எல்லாம் யார் பார்ப்பார்கள்.

மேசைக்கு அந்தப் பக்கம் அமுதவள்ளி பள்ளிச் சீருடையோடு நின்று தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். சுதர்சினியின் மகள் ஷாமினியோடு ஒரே வகுப்பில் படிப்பவள். நோட்டிலிருந்து கிழித்த தாள்கள், டியூஷன் குறிப்புகள், மஞ்சள் மை பூசிய துண்டுச் சீட்டுகள் எல்லாம் அவள் முன்னால் பரந்து கிடந்தன.

“பைண்டிங் முடியப் போவுது ஆன்டி. இப்ப குடுத்துர்றேன்.”

“யாரைக் கேட்டு வாங்கிட்டு வந்த? திங்கக்கிழமை எஸ்.பி.எம். பரீட்சையில ஹிஸ்டரி பேப்பர். அதுல ஃபெயிலானா சர்டிஃபிகேட்டே கிடையாது, தெரியுமில்ல? ட்ரையல் பரீட்சையிலயே கோட்டை விட்டவ என் பொண்ணு. இப்ப கையில ஒரு தாள்கூட இல்லாம உக்காந்து அழுவுறா.”

“ஷாமினிதான் குடுத்தா ஆன்டி.”

“அவ குடுப்பா. அவளுக்கு வெவரம் பத்தாதுன்னு தெரிஞ்சுதானே அவகிட்ட கேட்ட?”

சுதர்சினி ரெங்கசாமியின் பக்கம் திரும்பினார். வழக்கென்று வந்துவிட்டால் ஒரு நீதிபதி வேண்டுமே.

“நீங்களே சொல்லுங்க அண்ணே. நேத்து எங்க கொண்டோ அபார்ட்மெண்டுக்கு வந்திருக்கா. செக்யூரிட்டி வழக்கம்போல ஐ.சி. அடையாள அட்டையக் காட்டச் சொல்லியிருக்கான். காட்டிட்டு மேல வந்து என்கிட்ட கேக்க வேண்டியதுதானே? வரல. கேட்டுக்கு வெளியவே நின்னு போன் போட்டு, என் பொண்ணைக் கீழ வரவச்சு வாங்கிட்டு ஓடியிருக்கா. நல்ல எண்ணத்துல வாங்குறவ இப்படியா செய்வா?”

அமுதவள்ளி ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடியும் தாள்களை அடுக்கத் தொடங்கினாள். திருட்டு முழி இப்படித்தான் இருக்கும் என்று சுதர்சினி முடிவு கட்டிவிட்டார்.

“கிளாஸ்ல எல்லார்கிட்டயும் இப்படித்தான் கறந்திருக்கியாம். நாங்க காசு கட்டி டியூஷனுக்கு அனுப்பணும், நீ உக்காந்த எடத்துல ஏ கிரேடு வாங்கணும். நல்லா இருக்கு லா.” கூசாமல் சொன்னார்.

ரெங்கசாமிக்குப் பொறுக்கவில்லை. “பள்ளிக்கூடம் விட்டா இந்தப் புள்ள இங்கதான்மா கெடக்குது. ஒவ்வொருத்தர் நோட்ஸையும் பிரிச்சு, தப்பைத் திருத்தி, பாடம் பாடமா ஒண்ணாச் சேத்தது அதுதான். ஏன்மா இந்தப் பாடுன்னு கேட்டா, ஒருத்தர்கூட ஃபெயிலாகக் கூடாது அங்கிள்னு சொல்லுது. இந்தாங்க, நீங்களே பாருங்க.”

நீல அட்டையும் சுருள் கம்பியும் போட்ட புத்தகங்களைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். மேலே இருந்ததைச் சுதர்சினி வெடுக்கென்று எடுத்தார். அட்டையில் ‘ஷாமினி’ என்று குண்டு குண்டாக எழுதியிருந்தது. உள்ளே ஷாமினியின் குறிப்புகளோடு மற்றப் பிள்ளைகளின் குறிப்புகளும் சேர்ந்து, முதல் பாடத்திலிருந்து கடைசிப் பாடம்வரை ஒரே நூலாக இருந்தன.

அடுத்தது லோகேஸ்வரிக்கு. அதற்கடுத்தது பிரவினுக்கு. குறிப்பு கொடுத்த எல்லாருக்கும் ஆளுக்கொன்று இருந்தது.

சுதர்சினியின் முகம் சுண்டிப்போனது. அந்த இடத்தில் ஒரு மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் இவ்வளவு பேச்சுப் பேசிவிட்டு எப்படி இறங்கி வருவது? புத்தகங்களை ஒவ்வொன்றாகத் தள்ளி அடிவரைக்கும் தேடினார். அவருக்கு ஒரு பிடி கிடைத்துவிட்டது.

“எல்லார் பேரும் இருக்கு, உன் பேரைக் காணோம். உனக்கு மட்டும் நல்லதாப் பாத்துத் தனியா ஒண்ணு ஒதுக்கி வச்சிருக்க. அப்படித்தானே?”

அமுதவள்ளி ஷாமினியின் தாள்களை ஒன்றுசேர்த்து, ரப்பர் பேண்டு போட்டு அவரிடம் நீட்டினாள்.

“எனக்கு எதுக்கு ஆன்டி? பர்த் சர்டிஃபிகேட் இல்லாததால ஐ.சி.யும் இல்ல. என்னைய எஸ்.பி.எம். எழுத விடல.”