பதினோரு மாத வாசனை

கண்ணாடிச் சில்லுகளைப் பழைய நாளிதழில் பொதிந்து குப்பைக்கூடையின் அடியில் தள்ளினாள். சமையலறைத் தரையை மூன்றாம் முறையாகத் துடைத்தாள். அப்படியும் மது நெடி போகவில்லை.

மணி நாலரை. கணவர் வர இன்னும் அரைமணி நேரம்தான். பத்து வருடக் குடித்தனத்தில் அவள் அவருக்கு இப்படிப் பயந்ததே இல்லை.

ஜன்னல்களைத் திறந்துவிட்டு, வாசல் கதவையும் விரியத் திறந்தாள். படியிறங்கி வந்த மேல்வீட்டு அக்கா அங்கேயே நின்றுவிட்டாள்.

"என்ன, மாஸ்டர் வீட்லயே கேக் போடுறாரா? மாடி வரைக்கும் வாசனை தூக்குதே!"

"இல்லக்கா. கொஞ்சம் எசென்ஸ் கொட்டிடுச்சு."

கொட்டியது கொஞ்சமில்லை, முழு பாட்டில். வெனிலா காய்களை நீளவாக்கில் கீறி, வோட்காவில் மூழ்கப் போட்டு, வெளிச்சம் படாத மேல்தட்டில் வைத்து, வாரம் தவறாமல் குலுக்கி, பதினோரு மாதமாக அவர் பிள்ளை மாதிரி வளர்த்த பாட்டில். சர்க்கரை டப்பாவை எட்டி எடுக்கும்போது முழங்கை பட்டுவிட்டது. அவ்வளவுதான்.

அவள் கணவர் பேக்கரியில் கேக் மாஸ்டர். 'மூக்கு மாஸ்டர்' என்றுதான் அங்கே எல்லோரும் கூப்பிடுவார்கள். அடுப்பைத் திறக்காமலே, பத்தடி தள்ளி நின்று, "வெந்துடுச்சு, எடு" என்பார். வெண்ணெய் ஒருநாள் பழசானாலும் பொட்டலத்தைப் பிரிக்கும் முன்பே சொல்லிவிடுவார்.

அந்த மூக்கை ஏமாற்ற முடியாது என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் மேல்தட்டு காலியாக இருந்தால் வந்ததுமே கண்ணில் படும். வேறு காய் வாங்கி ஊறப்போடும் வரையாவது தாக்குப்பிடிக்க வேண்டும்.

டீத்தூளை அள்ளிப் போட்டுக் கன்னங்கரேலென்று டிகாக்ஷன் இறக்கினாள். அதே அளவு பாட்டில் ஒன்றைத் தேடி எடுத்து ஊற்றினாள். காய்க்கு எங்கே போவது? ஃப்ரிட்ஜில் வாடிக்கிடந்த பீன்ஸ் நாலைக் கீறி உள்ளே போட்டாள். அவர் கையெழுத்து மாதிரியே தேதி எழுதி ஒட்டியபோது, கள்ளக் கையெழுத்துப் போடுகிறவள் மாதிரி வியர்த்தது.

ஐந்து மணிக்கு மாஸ்டர் வந்தார். செருப்பைக் கழற்றினார். நேராகச் சமையலறைக்கு வந்து, தண்ணீர் குடித்து, அதே தரைமேல் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"என்னம்மா, டீ இல்லையா?"

அப்பாடா! மூன்று தடவை துடைத்தது வீண்போகவில்லை என்று நினைத்துக்கொண்டாள்.

"ஒரு நல்ல சேதி," என்றார் அவர். "நாளைக்கு ஒரு ஹோட்டல் மேனேஜர் வீட்டுக்கே வந்து நம்ம கேக்கைச் சாப்பிட்டுப் பாக்கறாராம். பிடிச்சுப்போச்சுன்னா அங்க தினமும் நம்ம கேக்குதான். வேலையை விட்டுட்டுச் சொந்தமா தொடங்கிடலாம்."

"நாளைக்கேவா?"

"ஆமா. ஊறப்போட்டு ஒரு வருஷம் ஆக இன்னும் ஒரு மாசம் இருக்கு, பரவாயில்ல. அந்த பாட்டிலை எடு."

அவள் மேல்தட்டிலிருந்து பாட்டிலை எடுத்துக் கொடுத்தாள். மாஸ்டர் மூடியைத் திருகினார். கண்ணை மூடிக்கொண்டு, நெஞ்சு நிறைய முகர்ந்தார். இடி எப்போது விழும் என்று அவள் காத்திருந்தாள்.

"அடடா! பதம் வந்துடுச்சும்மா. என்ன வாசனை! பதினோரு மாசம் காத்திருந்தது வீணாப் போகல."

கிண்டலா என்று அவர் முகத்தைப் பார்த்தாள். கிண்டல் இல்லை. சிரித்துக்கொண்டே மூடியைப் போட்டார்.

மாட்டிக்கொண்டிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது. ஊரே மெச்சும் மனுஷனை டீத்தண்ணியும் வாடின பீன்ஸும் போட்டு முட்டாளாக்கிவிட்டேனே என்று தன்னையே நொந்துகொண்டாள். அவள்மேல் வைத்த நம்பிக்கையில்தான் மனுஷன் ஏமாந்துபோகிறார். நாளைக்கு அந்த மேனேஜர் முன்னால் தலைகுனிந்து நிற்கப்போவதும் அவர்தான்.

மாஸ்டர் மாவைச் சலிக்க ஆரம்பித்தார். முட்டையை அடித்தார். ஸ்பூனை எடுத்துக்கொண்டு பாட்டிலைச் சாய்த்தபோது அவளால் தாங்க முடியவில்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஊத்தாதீங்க! அது வெனிலா இல்லைங்க. உங்க பாட்டிலை நான் உடைச்சிட்டேன். இது வெறும் டீ டிகாக்ஷன்."

மாஸ்டர் ஸ்பூனைக் கீழே வைத்தார்.

"திட்டணும்னா திட்டிடுங்க. உள்ள கிடக்கிறது பீன்ஸுங்க. உங்களைப் போய் ஏமாத்திட்டேனே நான்..."

அவர் பாட்டிலைத் திரும்ப மூக்கருகே கொண்டுபோனார். ஒரு தடவை முகர்ந்தார். இன்னொரு தடவை முகர்ந்தார். பிறகு அதை மேஜைமேல் வைத்துவிட்டு நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். மாவு ஒட்டிய கையாலேயே முகத்தை மூடிக்கொண்டார்.

"மன்னிச்சிடுங்க," என்று அழுதாள் அவள்.

"நீ எதுக்கும்மா மன்னிப்பு கேக்கற? நான்தான் உன்கிட்டயே மறைச்சிட்டேன்."

"எதை?"

"மூணு மாசமா எனக்கு எந்த வாசனையும் தெரியலம்மா."