தோண்டக் கூடாத மண்

தோல் பதனிடும் ஷெட்டில் உழைத்துத் தேய்ந்த தைரியநாதன் காலையில் இறந்துபோனார். தெருவின் கீரை நிலத்தில், பூஞ்சை விதைப்பதற்கு முன் புதைத்த அவர் மகளுக்குப் பக்கத்திலேயே அவரையும் வைக்க வேண்டும் என்று தம்பி பாஸ்கல் மண்வெட்டியோடு நின்றான்.

"ஒரே ஒரு குழிதானே அண்ணி?"

தைரியநாதனின் மனைவி செலஸ்தினா நிலத்தைப் பார்த்தாள். ஷெட்டுகள் மண்ணில் விட்டுப்போன குரோமிய நஞ்சைப் பூஞ்சைதான் வேருக்கு வேர் பிடித்து வைத்திருந்தது. மண்ணை வெட்டினால் பூஞ்சை இழை அறுந்து நஞ்சு கீரையில் ஏறிவிடும். அந்தப் போகம் முழுக்கத் தெருவில் யாரும் கீரையைத் தொட முடியாது. இத்தனை வருடமாக அதற்குக் காவல் இருந்தவள் அவள்தான். கல்யாணப் பந்தல்காலைக்கூட மணல் நிரப்பிய டிரம்மில்தான் நட விட்டாள்.

பக்கத்து வீட்டு ரெபேக்காள் அவள் கையைப் பிடித்தாள்.

"நீ தோண்டிக்க. ஒரு போகம் வவுத்தக் கட்டிக்கினு கெடக்கறோம். உனக்குச் செய்யாம வேற யாருக்குச் செய்யப்போறோம்?"

கூடியிருந்தவர்கள் தலையாட்டினார்கள். செலஸ்தினா அந்த முகங்களைப் பார்த்தாள்.

"நீங்க கெடப்பீங்க. நாளைக்கு உன் வீட்ல ஒரு சாவு வுழுந்து நீயும் தோண்டணும்னா, நான் அப்படிக் கெடக்க மாட்டேன், ரெபேக்கா. எனக்குத் தெம்பு இல்ல."

பிறகு கொழுந்தனிடம் திரும்பினாள்.

"மண்வெட்டிய உள்ள வை. மின்மயானத்துக்கு வண்டி சொல்லு."