நாலே மணி நேரத்தில் துபாய்

விழுப்புரத்தில் கிளம்பிய வேன், திண்டிவனம் வருவதற்குள் மூன்று இடங்களில் நின்றுவிட்டது. பிள்ளையாருக்குச் சூறைத்தேங்காய், விக்கிரவாண்டியில் பெரியம்மா குடும்பம், அப்புறம் டீ. இப்போது ராஜாமணி அத்தை அவிச்ச மல்லாட்டை, அதான் வேர்க்கடலை, வாங்க இறங்கிவிட்டாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"மெட்ராஸ்ல ஏறினா நாலே மணி நேரத்துல துபாய். நாம இன்னும் திண்டிவனத்துலயே நின்னுக்கினு இருக்கோம்! ஏர்போர்ட்டுக்கு இத்தனை பேர் எதுக்கு மாமா?"

"ஒருத்தர விட்டுட்டாக்கூட நாளைக்கு ஊரு என்னைக் கேக்கும்டா" என்றார் சுப்பராயலு மாமா.

"பிளேன் காத்துக்கினு இருக்காது மாமா!"

"சும்மா பேஜாரு பண்ணாத. ஆளு ஓடியாந்தா நம்ம டவுன் பஸ்ஸே நிக்குது. அவ்ளோ பெரிய பிளேன் நிக்காதா?"

ஒருவழியாகத் தாம்பரம் தாண்டினோம். தலைக்கு மேல் பெரும் இரைச்சலோடு ஒரு பிளேன் ஏறியது. மணியைப் பார்த்தேன். அதேதான்.

"துபாய் பிளேன்டா! எல்லாரும் கை காட்டுங்க!" என்று மாமா கத்தினார்.

வேனே கை காட்டியது. அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பத்திரமா போய்ச் சேரணும் சாமி" என்று கும்பிட்டாள்.

நான் மட்டும் அசையவில்லை. என் கழுத்தில் அவர்கள் போட்ட மாலையும், சட்டைப் பையில் அந்தப் பிளேனுக்கான டிக்கெட்டும் இருந்தன.